தென்னாப்பிரிக்காவில் தமிழ் வானொலி, தொலைக்காட்சித் தொகுப்பாளர் பணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம், டோங்காட் பகுதிகளிலும் கோவில் மண்டபத்திற்கோ தமிழ்ப் பள்ளி விழாவுக்கோ நான் செல்லும்போதெல்லாம், யாராவது ஒரு இளைஞரோ அவருடைய தாயாரோ என்னை ஓரமாக அழைத்து, மைக் முன் பேசும் வேலைக்கு எப்படி வருவது என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக வார இறுதிகளில் வானொலியில் தமிழ் நிகழ்ச்சிகளை வழங்கியவன், சில காலம் தொலைக்காட்சி கேமராவின் முன்னும் நின்றவன் என்ற முறையில், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

தொகுப்பாளர் உண்மையில் என்ன செய்கிறார்? பாட்டுக்கு நடுவே பேசுவதுதானே வேலை?

நம் முன்னோர் வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்த தெருக்கூத்தை இந்நாட்டில் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று அழைக்கிறோம். அந்தக் கூத்தில் கட்டியங்காரன் என்றொருவன் உண்டு. அவன் ராஜாவும் அல்லன், ராட்சதனும் அல்லன். வருகிறவர் யார் என்று சபைக்குச் சொல்வான், கதை புரியாதவருக்கு அதை விளக்குவான், வேடம் கட்டத் தாமதமானால் சிரிக்க வைத்து நேரத்தை நிரப்புவான், தூங்குகிறவரைத் தட்டி எழுப்புவான். வானொலித் தொகுப்பாளரின் வேலையை எனக்குத் தெரிந்த எந்தப் பாடத்தையும்விட அவனே தெளிவாகக் காட்டுகிறான். பாட்டையும் பேட்டியையும் விளம்பரத்தையும் செய்தியையும் தைத்துக் கொடுக்கும் நூல் தொகுப்பாளர். தையல் வெளியே தெரியத் தொடங்கினால் நிகழ்ச்சி கெட்டுவிடும்.

தென்னாப்பிரிக்காவில் இதற்கு மேலும் ஒரு பொறுப்பு சேர்ந்துகொள்கிறது. நம் நேயர்களில் பெரும்பாலோர் தமிழை விரும்புகிறார்கள், தமிழ்ப் பாடல்களைச் சொல் தவறாமல் பாடவும் செய்கிறார்கள், ஆனால் அவர்களுடைய வீட்டு மொழி ஆங்கிலம். பல வீடுகளில் அந்த வாரத்தில் ஒலிக்கும் ஒரே தமிழ்ப் பேச்சு வானொலியில் வருவதுதான். ஆகவே, பொருள் முழுவதும் விளங்காதவருக்கும் குரலின் வழியே விளங்கும்படி பேசுவதுதான் இங்கே இத்தொழிலின் மையம். கீழே நான் சொல்லும் ஏறத்தாழ எல்லாமே இதிலிருந்தே கிளைக்கின்றன.

எந்த நிலையங்களில் வாய்ப்பு இருக்கிறது?

தென்னாப்பிரிக்க ஒலிபரப்புக் கழகமான எஸ்.ஏ.பி.சி. 1936-இல் தொடங்கப்பட்டது. இந்தியச் சமூகத்திற்கென அதன் கீழ் ரேடியோ லோட்டஸ் தொடங்கியது 1983 ஜனவரியில்; பின்னாளில் அது லோட்டஸ் எஃப்.எம். ஆயிற்று. ஆங்கிலம் முதன்மையாக இருக்க, இந்தி, தமிழ், தெலுங்கு, குஜராத்தி, உருது ஆகியவற்றுக்கும் அங்கே நேரம் ஒதுக்கப்படுகிறது. இனவாரியாக மக்களைப் பிரித்து வைத்த ஆட்சியின் காலத்தில், இனவாரியான நிலையங்களுள் ஒன்றாகப் பிறந்தது என்பதால் அக்காலத்தில் அதை ஐயத்தோடு பார்த்தவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய ஐயத்தில் நியாயம் இருந்தது. இருந்தும், பெட்டியில் தன் மொழியைக் கேட்டவுடன் ஒலியைக் கூட்டி வைத்த ஆயாக்களின் மகிழ்ச்சியும் பொய்யல்ல. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

ஒலிபரப்பு உரிமங்கள் பொது, வணிக, சமூக நிலையங்கள் என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டது 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக. அதன் பிறகுதான் சமூக வானொலிகள் பெருகின. டர்பனில் இந்தி அமைப்பு ஒன்றின் முயற்சியால் எழுந்த ஹிந்த்வாணி அவற்றுள் நன்கு அறியப்பட்டது. புதிதாக வருகிறவர் சமூக வானொலியிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. அங்கே நீங்களே பொத்தானை அமுக்குவீர்கள், நீங்களே தொலைபேசியை எடுப்பீர்கள், நீங்களே தவறு செய்து நீங்களே திருத்துவீர்கள்.

டர்பனில் எஸ்.ஏ.பி.சி. கட்டடம் இருக்கும் சாலைக்கு முன்பு ஓல்ட் ஃபோர்ட் சாலை என்று பெயர், இப்போது கே.ஈ. மசிங்கா சாலை. கிங் எட்வர்ட் மசிங்கா 1941-இல் அந்தக் கழகத்தில் சுலு மொழியில் அறிவிப்புச் செய்யத் தொடங்கியவர், அங்கே அப்பணிக்கு வந்த முதல் கறுப்பின அறிவிப்பாளர். நேர்முகத்திற்குச் செல்லும் தமிழ் இளைஞர்கள் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு, அவர் யாரோ அரசியல் தலைவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மைக் முன் நின்றவர் ஒருவரின் பெயர் சாலைக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள்.

தமிழுக்கு இந்நாட்டில் சட்டப்படி என்ன இடம்?

அரசியல் சாசனத்தில் ஆட்சிமொழிகளின் பட்டியலில் தமிழ் இல்லை. ஆனால் 1996-ஆம் ஆண்டுச் சாசனத்தின் 6-ஆம் பிரிவு, சமூகங்கள் பொதுவாகப் பயன்படுத்தும் மொழிகளாக ஜெர்மன், கிரேக்கம், குஜராத்தி, இந்தி, போர்ச்சுகீசியம், தமிழ், தெலுங்கு, உருது ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றுக்கு மதிப்புக் கிடைக்கச் செய்வதை மொழி வாரியத்தின் கடமையாக்குகிறது. இதனால் யாருக்கும் நேரடியாக வேலை கிடைத்துவிடாது. நிகழ்ச்சி நேரத்தைக் குறைக்கும் பேச்சு எழும்போது மேசை மேல் எடுத்து வைக்க ஒரு தாள் இருக்கிறது, அவ்வளவே.

தமிழ் நிகழ்ச்சியை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா?

முடியாது. இதை மென்மையாகச் சொல்லிப் பயனில்லை என்பதால் பெற்றோரிடமும் இப்படியே சொல்கிறேன். வாரத்தில் சில மணி நேரத் தமிழ் நிகழ்ச்சி என்பது சில மணி நேரத்துக்கான ஊதியம். பெரிய நிலையங்களில்கூடப் பெரும்பாலான தொகுப்பாளர்கள் நிரந்தர ஊழியர்கள் அல்லர், ஒப்பந்தக்காரர்கள். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிவதால் ஏப்ரல் மாதத்தில் நிகழ்ச்சி நிரல் மாறும், குரல்களும் மாறும். மார்ச் மாதம் முழுவதும் நிலையத்தின் தாழ்வாரத்தில் ஒருவரை ஒருவர் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும். சமூக வானொலி இலாபம் ஈட்டாத அமைப்பு என்பதால் பெட்ரோல் செலவு கிடைத்தாலே பெரிது.

ஒப்பந்தக்காரர் என்றால் வரியும் உங்கள் தலையில்தான். இடைக்கால வரி செலுத்துவோராகப் பதிவு செய்துகொண்டவர்கள் ஆகஸ்ட் மாதத்திலும் பிப்ரவரி மாதத்திலும் கணக்குக் காட்ட வேண்டும். முதல் ஆண்டில் வந்த பணம் முழுவதையும் செலவழித்துவிட்டுப் பிப்ரவரியில் அண்ணனிடம் கடன் வாங்கியவன் நான்.

எனவே நம்மவர்களில் பலர் பகலில் ஆசிரியராகவோ செவிலியராகவோ கணக்கராகவோ இருந்துகொண்டு, சனி ஞாயிறுகளில் குரலைத் தருகிறார்கள். இதைக் குறையாக நான் எண்ணவில்லை. வேலை செய்யும் மனிதர்களின் வாழ்க்கையை அறிந்தவர் பேசுவதை நேயர்கள் உடனே இனம் கண்டுகொள்கிறார்கள்.

நான் தமிழைப் பள்ளியில் ஒரு பாடமாகத்தான் படித்தேன். என் தமிழ் போதுமா?

கேட்கிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நானும் மாலை நேரத் தமிழ்ப் பள்ளியில், கோவிலை ஒட்டிய தகரக் கூரை வகுப்பில் படித்தவன்தான். சொல்வளம் குறைவாக இருப்பது இங்கே பெரிய தடையல்ல. உச்சரிப்புத் தளர்வாக இருப்பதுதான் தடை. பொருள் புரியாத நேயருக்கும் ஒலி பிழையாக வந்தால் தெரிந்துவிடும், ஏனெனில் அவர் அந்தச் சொல்லை நூறு முறை பாட்டில் கேட்டிருக்கிறார். 'வாழ்க' என்பதை 'வால்க' என்று சொன்னால் பீனிக்ஸில் ஒரு தாத்தா ரேடியோவை அணைத்துவிடுவார்.

ஆங்கிலம் பேசிப் பழகிய நாக்குக்கு மூன்று இடங்களில் சிக்கல் வரும். முதலாவது ல, ள, ழ. இரண்டாவது, சொல்லின் நடுவே இரட்டிக்கும் மெய்கள்: 'பட்டு' என்பதும் 'படு' என்பதும் ஆங்கிலக் காதுக்கு அருகருகே ஒலிப்பவை, தமிழில் அவற்றுக்கு இடையே ஒரு ஊரே இருக்கிறது. மூன்றாவது குறில், நெடில். இவற்றுக்கு நான் கையாண்ட பயிற்சி எளியது. திருக்குறளில் நாளுக்கு ஒரு அதிகாரத்தை உரக்கப் படித்து, கைப்பேசியில் பதிவு செய்து, மறுநாள் காலையில் கேட்டேன். அன்றே கேட்டால் காது தன் தவறை மன்னித்துவிடும். ஓர் இரவு இடைவெளி விட்டால் அயலார் பேசியது போல் கேட்கும்.

சென்னைத் தமிழைப் போல் பேச வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். டி.எஸ்.டிவி என்ற கட்டணச் செயற்கைக்கோள் சேவை வழியாகச் சன் டிவி வீட்டுக்குள் வந்த பிறகு இளைஞர்களிடம் அந்த ஆசை கூடியிருக்கிறது. என் விடை: அங்கே இருப்பவர் போல் நடித்தால் இங்கே இருப்பவருக்கு அயலாராகிவிடுவீர்கள். நம் வீடுகளில் ஆயா என்றால் அம்மாவைப் பெற்றவள் அல்லது அப்பாவைப் பெற்றவள்; சென்னைத் தொடர்களில் அதே சொல் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரும் வேலைக்காரப் பெண்ணைக் குறிக்கிறது. 'ஆயாவுக்கு எண்பதாவது பிறந்தநாள்' என்று நேயர் எழுதி அனுப்பினால் ஆயா என்றே வாசியுங்கள். பாட்டி என்று 'திருத்தி'விடாதீர்கள்.

தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசலாமா?

பேசியே ஆக வேண்டும். ஆனால் ஒரே வாக்கியத்துக்குள் இரண்டையும் குழைப்பதை நான் தவிர்த்து வந்தேன். தமிழில் ஒரு முழு வாக்கியம், பிறகு அதன் சாரத்தை ஆங்கிலத்தில் வேறு சொற்களில் ஒரு வாக்கியம், மீண்டும் தமிழ் என்று சென்றால், இரண்டும் அறிந்தவருக்குச் சலிப்பு வராது, ஒன்று மட்டும் அறிந்தவருக்கு விடுபட்டது போலவும் இராது. சொன்னதையே அப்படியே மொழிபெயர்ப்பது மிகப் பெரிய தவறு. நேரம் இரட்டிப்பாகும், உயிர் பாதியாகும்.

நேயர்களின் பெயர்களை எப்படி உச்சரிப்பது? கோவெண்டர் என்பதா, கவுண்டர் என்பதா?

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சிறிய விஷயம், நமக்கு இதுவே வாழ்த்து நிகழ்ச்சியின் உயிர். 1860 நவம்பர் 16-ஆம் நாள் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்தை அடைந்தது முதல் 1911 வரை, ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக டர்பன் அமைந்துள்ள நேட்டாலுக்கு வந்தார்கள். அவர்களுடைய பெயர்களை ஆங்கில எழுத்தில் பதிந்த எழுத்தர்கள் காதில் விழுந்தபடி பதிந்தார்கள். கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார், படையாச்சி பலவித எழுத்துக்கூட்டல்களோடு படயாச்சி ஆனார்.

எனக்கு முன்னால் இருந்த பெரியவர் ஒருவர் இவற்றையெல்லாம் 'மீட்டெடுத்து' முதலியார் என்றும் கவுண்டர் என்றும் வாசிப்பார். நோக்கம் நல்லதுதான். ஒருநாள் ஒரு அம்மையார் நிலையத்துக்கு அழைத்து, 'என் மகனுக்கு வாழ்த்து வரவேயில்லையே' என்றார். வாழ்த்து அரை மணி நேரத்துக்கு முன்பே வாசிக்கப்பட்டிருந்தது. தம் குடும்பப் பெயரை அந்த வடிவத்தில் அவர் கேட்டதே இல்லை என்பதால் அடையாளம் தெரியவில்லை. அன்று முதல் என் விதி ஒன்றுதான்: குடும்பத்தார் தம்மை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்களோ அப்படியே சொல்ல வேண்டும். முதற்பெயரைத் தமிழ் ஒலியோடு சொல்லலாம். சந்தேகம் இருந்தால் நிகழ்ச்சிக்கு முன்பே தொலைபேசியில் கேட்டுக்கொள்வதில் வெட்கமில்லை.

ஒரு மணி நேர நிகழ்ச்சியின்போது ஸ்டுடியோவில் என்ன நடக்கிறது?

காலை ஆறு மணி நிகழ்ச்சிக்கு நான் ஐந்தேகாலுக்குச் சென்றுவிடுவேன். முதல் வேலை ஹெட்போனைத் துடைப்பது. முந்தைய நிகழ்ச்சிக்காரரின் எண்ணெய் அதில் இருக்கும். பிறகு மைக்கைச் சரி செய்வது. வாய்க்கும் மைக்குக்கும் இடையே ஒரு சாண் தூரம், நேர் எதிராக இல்லாமல் கன்னத்தின் பக்கம் சற்றே சாய்த்து வைப்பேன். நேராக வைத்தால் 'பக்தி', 'பாடல்', 'பொங்கல்' என்று ஒவ்வொரு பகரத்திலும் காற்று மைக்கில் மோதித் தொப்பென்று ஒலிக்கும். பக்திப் பாடல் நிகழ்ச்சி நடத்துபவருக்கு இந்தத் தொல்லை கூடுதல்.

மேசையில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் தள்ளும் ஃபேடர்கள் வரிசையாக இருக்கும்: மைக்குக்கு ஒன்று, பாட்டு வரும் கணினிக்கு ஒன்று, தொலைபேசிக்கு ஒன்று. மைக் ஃபேடரை மேலே தள்ளியவுடன் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும், அறையின் ஒலிபெருக்கி தானாக அடங்கும். அந்த விளக்கு எரியும்போது நாற்காலி கிறீச்சிடக்கூடாது, வளையல் மேசையில் தட்டக்கூடாது. திரையில் அடுத்த பாட்டின் முன்னிசை 22 நொடி என்று காட்டினால், பாடகர் வாயைத் திறப்பதற்கு ஒரு மூச்சு முன்னதாக நீங்கள் முடித்திருக்க வேண்டும். எஸ்.பி.பி.யின் முதல் சொல்லின் மேல் ஏறிப் பேசிய தொகுப்பாளரை நம் நேயர் எளிதில் மன்னிப்பதில்லை.

மணி முழுமையடையும்போது செய்தி வரும். அது யாருக்காகவும் காத்திராது. ஆகவே கடைசிப் பத்து நிமிடத்தில் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். மணி 6:52:30 என்றால் கையில் இருப்பது ஏழரை நிமிடம். பாட்டு 4 நிமிடம் 20 நொடி, விளம்பரம் 1 நிமிடம், மீதம் 2 நிமிடம் 10 நொடி. அதில் நன்றி, கோவில் அறிவிப்பு, அடுத்த நிகழ்ச்சியின் அறிமுகம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் நான் நிமிடத்துக்கு 100 சொற்களுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. ஆங்கிலத்தில் அதே நேரத்தில் ஒன்றரை மடங்கு சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் எழுதிய ஸ்கிரிப்டைத் தமிழாக்கிப் படிப்பவர்கள் செய்திக்குள் போய் இடித்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

நிகழ்ச்சி முடிந்ததும் வேலை முடிவதில்லை. எந்தப் பாட்டு, யார் பாடியது, யார் இசை என்று பதிவேடு சரியாக இருக்க வேண்டும். உரிமைத் தொகை சம்ரோ போன்ற அமைப்புகளின் வழியாகப் படைப்பாளிகளுக்குப் போவது அந்தப் பதிவை வைத்துத்தான். படத்தின் பெயரை மட்டும் எழுதிவிட்டு இசையமைப்பாளரின் இடத்தைக் காலியாக விடுவது நம்மிடையே உள்ள கெட்ட பழக்கம்.

பாடல்களைத் தொகுப்பாளரே தேர்ந்தெடுக்கலாமா?

சமூக வானொலியில் ஓரளவுக்கு முடியும். பெரிய நிலையத்தில் இசைத் தொகுப்புக்கென்று தனியாக ஆள் உண்டு. அதற்கும் மேலே கொள்கை உண்டு. 2016 மே மாதத்தில் எஸ்.ஏ.பி.சி. தன் வானொலிகளில் 90 விழுக்காடு உள்நாட்டு இசையே ஒலிக்க வேண்டும் என்று அறிவித்தது. உள்நாட்டுக் கலைஞர்களுக்கு நேரம் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. ஆனால் இந்தியத் திரைப்பாடல்களை நம்பி நேயர்களைச் சேர்த்த ஒரு நிலையத்தில், சென்னையில் பதிவான பாட்டு எந்தக் கணக்கிலும் உள்நாட்டு இசையாகாது. நேயர்களிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது; 2017 மே மாதத்தில் புதிய இடைக்கால நிர்வாகக் குழு பழைய அளவுகளுக்கே திரும்பியது. அந்தக் காலகட்டத்தில் ஒரு நன்மையும் நடந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை: டர்பன் பகுதியின் இசைக் குழுக்களும் பஜனைக் குழுக்களும் வைத்திருந்த நல்ல பதிவுகள் எத்தனை என்று நாங்கள் முதல் முறையாகத் தேடிப் பார்த்தோம்.

நேரலையில் தவறு நேர்ந்தால்?

உடனே, சுருக்கமாக, சாக்குச் சொல்லாமல் திருத்த வேண்டும். நான் செய்த மிக மோசமான தவறைச் சொல்கிறேன். மரண அறிவிப்பு வாசிக்கும்போது, தாளில் மேலே இறந்தவர் பெயரும் கீழே தகவல் தந்த மகனின் பெயரும் இருந்தன. இருவருக்கும் முதலெழுத்து ஒன்றே. என் கண் ஒரு வரி தாவியது. உயிரோடு இருக்கும் மகனை இறந்தவராக அறிவித்துவிட்டேன். இரண்டு நிமிடத்தில் தொலைபேசி விளக்கு மின்னியது. எடுத்தால் அந்த மகன்தான் பேசினார். அவர் கோபப்படவில்லை. 'அண்ணா, என் பிள்ளைகள் காரில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்' என்று மட்டும் சொன்னார்.

ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தி, அறிவிப்பை முழுமையாகத் திரும்ப வாசித்து, தவறு என்னுடையது என்று சொன்னேன். அதன் பின் மரண அறிவிப்புத் தாளில் இறந்தவர் பெயரைச் சிவப்பு மையால் கட்டம் கட்டாமல் மைக்கைத் திறந்ததில்லை. பாட்டின் பெயரைத் தவறாகச் சொன்னால் சிரித்துக்கொண்டே திருத்தலாம், மரண அறிவிப்பில் அது கூடாது.

யாராவது புகார் செய்தால் என்ன ஆகும்?

உரிமங்களைக் கவனிப்பது இக்காசா என்னும் ஒழுங்குமுறை ஆணையம். அது 2000-ஆம் ஆண்டில் உருவானது. ஒலிபரப்பின் உள்ளடக்கம் பற்றிய புகார்களில் பெரும்பாலானவற்றை 1993 முதல் இயங்கும் ஒலிபரப்புப் புகார் ஆணையம் விசாரிக்கிறது. தொகுப்பாளருக்குத் தெரிய வேண்டியது இதுதான்: நீங்கள் பேசுவது பதிவாகிறது, தமிழில் பேசினால் யாருக்கும் புரியாது என்று எண்ணிச் சாதி, மதம், அண்டைச் சமூகம் பற்றி எதையும் உதிர்க்கக்கூடாது. மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார்.

வானொலியிலிருந்து தொலைக்காட்சிக்குப் போவது எளிதா?

இந்நாட்டில் தொலைக்காட்சி முறையாகத் தொடங்கியதே 1976 ஜனவரி 5-ஆம் நாள்தான், அதுவும் ஆங்கிலம், ஆப்பிரிக்கான்ஸ் ஆகிய இரண்டு மொழிகளில் மட்டும். 1982-இல் ஆப்பிரிக்க மொழிகளுக்கு அலைவரிசைகள் வந்தன. தமிழுக்கென்று தனி அலைவரிசை அன்றும் வரவில்லை, இன்றும் இல்லை. எஸ்.ஏ.பி.சி. 2-இல் வந்த ஈஸ்டர்ன் மொசைக் போன்ற இந்தியச் சமூக நிகழ்ச்சிகள் ஆங்கிலத்தில் அமைந்தவை. அங்கே தமிழ் என்பது காவடி, பொங்கல், பரதம், சமையல் என்ற காட்சிகளாக நுழைந்தது. ஆகவே தொலைக்காட்சிக்குப் போக விரும்புபவர் ஆங்கிலத்தில் தொகுப்பதற்கும் ஆயத்தமாக வேண்டும்.

வழி அடைபட்டதல்ல என்பதற்குத் தேவி சங்கரி கோவெண்டர் எடுத்துக்காட்டு. லோட்டஸ் எஃப்.எம்.-இல் குரலாகத் தொடங்கிய அவர், எம்-நெட் என்ற கட்டணத் தொலைக்காட்சியில் 1988 முதல் நடந்துவரும் கார்ட் பிளாஞ்ச் என்ற புலனாய்வு நிகழ்ச்சியில் பல ஆண்டுகள் பணியாற்றி நாடறிந்த முகமானார், பிறகு இ.என்.சி.ஏ. என்ற செய்தி அலைவரிசையில் தம் பெயரிலேயே நிகழ்ச்சி நடத்தினார். கவனிக்க வேண்டியது, அவர் பாட்டு நிகழ்ச்சியிலிருந்து பாட்டு நிகழ்ச்சிக்குப் போகவில்லை, கேள்வி கேட்கும் திறனை எடுத்துக்கொண்டு போனார்.

எனக்குத் தொலைக்காட்சி அவ்வளவாக ஒத்துவரவில்லை. வானொலியில் நான் கையை ஆட்டிப் பேசுவேன். கேமராவின் முன் அந்தக் கை என் முகத்தை மறைத்தது. டெலிபிராம்ப்டரில் ஓடும் எழுத்தைப் படிக்கும்போது கண் இடமும் வலமுமாக ஓடுவது பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். நான்கடி தள்ளி நிற்கப் பழகினால் அது குறையும் என்று ஒளிப்பதிவாளர் ஒருவர் கற்றுத்தந்தார். வேட்டி கட்டிக்கொண்டு நின்றால் காலர் மைக்கின் பெட்டியை எங்கே செருகுவது என்பது மட்டும் கடைசி வரை தீராத பிரச்சினை.

நெருக்கடிக் காலத்தில் தொகுப்பாளரின் பங்கு என்ன?

2022 ஏப்ரலில் குவாசுலு-நேட்டாலில் பெய்த மழையில் 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். டோங்காட்டின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, அந்த ஊர் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீரின்றித் தவித்தது. அக்காலத்தில் பாட்டை யாரும் கேட்கவில்லை. தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு எப்போது வரும் என்பதையே கேட்டார்கள். அப்போது கற்றவை: நேயர் சொன்ன தகவலையும் அதிகாரிகள் சொன்ன தகவலையும் ஒரே குரலில் சொல்லாதீர்கள், 'ஒரு நேயர் இப்படிச் சொல்கிறார், இன்னும் உறுதியாகவில்லை' என்று பிரித்துச் சொல்லுங்கள். 'இன்று', 'நாளை' என்று சொல்வதை விடுத்துக் கிழமையையும் மணியையும் சொல்லுங்கள், ஏனெனில் பாதியில் கேட்டவர் அதை மற்றவருக்கு அனுப்பும்போது நாளை என்பது நேற்றாகிவிடும். வாளியோடு காத்திருக்கும் முதியவருக்காக ஒரே செய்தியைத் தமிழில் மெதுவாக இரண்டு முறை சொல்வது வீண் வேலையல்ல.

ஆண்டு முழுவதற்கும் நிகழ்ச்சிகளை எப்படித் திட்டமிடுவது?

நம் நாட்காட்டியே திட்டம் போட்டுத் தருகிறது. தைப்பூசக் காவடி, சித்திரை மாதக் காவடி, ஈஸ்டர் வாரத்தில் ஐசிபிங்கோ மாரியம்மன் கோவில் திருவிழா, ஆடியில் அம்மனுக்குக் கூழ், புரட்டாசி விரதம், தீபாவளி. புரட்டாசி மாதத்தில் கறிக்கடை விளம்பரத்துக்கு முன்பின் பக்திப் பாடல் வராமல் பார்த்துக்கொள்வது தொகுப்பாளரின் பொறுப்பு. கணினிக்கு அது தெரியாது.

திருமண வரவேற்பு, கோவில் விழா மேடைகளுக்கு அழைக்கிறார்கள். ஏற்கலாமா?

ஏற்கலாம், பலருக்கு உண்மையான வருமானமே அதுதான். ஆனால் வார இறுதியில் உங்களுக்குப் பணம் தந்த புடவைக் கடைக்காரரைத் திங்கட்கிழமை பேட்டிக்கு அழைத்து வந்து, அந்தத் தொடர்பைச் சொல்லாமல் விடுவது ஏமாற்று. நிலையத்திடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

குரலைப் பாதுகாக்க என்ன செய்ய வேண்டும்?

தண்ணீர், தூக்கம், நிகழ்ச்சிக்கு முன் பாலும் தயிரும் தவிர்த்தல். மிளகு ரசம் குடித்தால் குரல் திறக்கும் என்பது என் அம்மாவின் நம்பிக்கை. மருத்துவர்கள் அதை ஏற்பார்களா தெரியாது, நான் குடிக்கிறேன்.

மாதிரிப் பதிவில் என்னென்ன இருக்க வேண்டும்?

மூன்று நிமிடம் போதும். நிகழ்ச்சி இயக்குநர் முதல் முப்பது நொடியில் முடிவு செய்துவிடுவார், ஆகவே பின்னணி இசையோடு உங்கள் பெயரை முழக்கித் தொடங்க வேண்டாம். ஒரு பாட்டுக்கு அறிமுகம், உங்கள் ஆயாவிடமோ தெருமுனைக் கடைக்காரரிடமோ எடுத்த ஒரு நிமிடப் பேட்டி, ஒரு சிறு செய்தி ஆகியவை இருக்கட்டும். பேட்டியில் உங்கள் கேள்வியைவிட அவர்களுடைய விடை நீளமாக இருக்க வேண்டும். வீட்டில் பதிவு செய்வதானால் துணி அலமாரியைத் திறந்து வைத்து அதன் உள்ளே முகம் நோக்கப் பேசுங்கள்; தொங்கும் சேலைகள் எதிரொலியை விழுங்கிவிடும். கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். 'டெமோ இறுதி 2' என்ற பெயரில் மட்டும் எனக்கு வந்த பதிவுகளில் ஒரு பெண்ணின் குரல் மிக நன்றாக இருந்தது; அவர் யார் என்று இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.